சந்தவாசல் காட்டின் எடை என்ன?

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குக் கண்ணமங்கலத்தைத் தாண்டியதும் சந்தவாசல் வரும். ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகும் கூட்டம் இங்கேதான் மலைப்பக்கமாகத் திரும்பும். ஊருக்குப் பின்னால் ஜவ்வாது மலை. சந்தனத்தின் வாசல் என்று ஊர்ப்பெயரைப் பிரிக்கலாம், சந்தையின் வாசல் என்றும் பிரிக்கலாம். சந்தன மரத்துக்குப் பேர்போன மலையின் காலடியில் இருப்பதால் எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது.

இந்த மலையின் சரிவுக்குப் பங்குனி மாதத்தில் போனால், இதைக் காடு என்று சொல்லவே சிலர் தயங்குவார்கள். இலை உதிர்ந்து நிற்கும் மரங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நல்ல தூரம். நடுவெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், ஆங்காங்கே ஈச்சம் புதர். பச்சை என்று சொல்ல அதிகம் இல்லை. இங்கே ஒரு மரத்தை எடைபோட முயன்றோம். வெட்டாமல் எடைபோடுவது. கையில் இருந்தது ஒரு டேப், ஒரு நோட்டு, உயரம் பார்க்க ஒரு மூங்கில் கழி.

எடுத்துக்கொண்டது ஓர் உசில் மரம். தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவை எடுக்க வேண்டும். இந்திய வனத் துறையில் மார்பளவு உயரம் என்றால் இதுதான். டேப்பைச் சுற்றினால் 78 செ.மீ. உயரம் ஏறக்குறைய 8 மீட்டர். கூட வந்த பெரியவர் இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது வயிறு ஒட்டின மரம் சார். உள்ள பொந்து இருக்கு. மேலயும் அரப்புக்கு கழிச்சிக்கிட்டே இருக்காங்க.” உசில் இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. ஆண்டு தவறாமல் கிளையைக் கழித்துக் கழித்து, இந்த மரத்துக்கு அதன் தண்டுக்கு ஏற்ற தலை இல்லாமலே போயிருந்தது.

நோட்டில் கணக்கைப் போடலாம். சுற்றளவு 78 என்றால் விட்டம் 24.8 செ.மீ. உசில் கட்டையின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.7 கிராம். பிரெஞ்சுச் சூழலியலாளர் ஜெரோம் ஷாவ் தலைமையிலான குழு 2014-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. வெப்பமண்டல நாடுகளில் 58 இடங்களில் வெட்டி எடைபோடப்பட்ட 4,004 மரங்களின் அளவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் அது. அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்கினால் நிலத்துக்கு மேலே உள்ள உலர் எடை கிலோவில் கிடைக்கும். இதைத்தான் உயிர்த்திரள் என்கிறார்கள். எங்கள் உசிலுக்கு வந்தது சுமார் 190 கிலோ. அதில் 47 விழுக்காடு கார்பன் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட சராசரி. ஆக சுமார் 90 கிலோ கார்பன். அது மரத்துக்குள் வருமுன் காற்றில் கரியமில வாயுவாக இருந்தபோது அதன் எடை சுமார் 330 கிலோ.

எண் கைக்கு வந்துவிட்டது என்று எழுந்துவிட முடியாது. உயரத்தை 8-க்குப் பதில் 10 என்று கண்மதிப்பில் எழுதியிருந்தால் எடை 190-இலிருந்து 237-க்கு ஏறியிருக்கும். கணக்குப் போடுபவர் உசில் என்று தெரியாமல், முருக்கு போன்ற ஒரு மென்மரம் என நினைத்து அடர்த்தியில் 0.35 என்று போட்டால் 97-க்கு இறங்கிவிடும். டேப் 2 செ.மீ. தளர்ந்தால் 5 விழுக்காடு கூடுகிறது. இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய பிழை. பெரியவர் தட்டிச் சொன்ன பொந்துக்கும், அரப்புக்காகக் கழித்த கிளைக்கும் சூத்திரத்தில் இடமே கிடையாது. வறண்ட காட்டு மரங்களில் பல இப்படித்தான் இருக்கின்றன. மார்பளவுக்குக் கீழேயே மூன்றாகப் பிரிந்தவை, நெருப்பில் அடி வெந்தவை, வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்துக் கொத்தாக நிற்பவை. சிதையாமல் நெடுநெடுவென ஓங்கிய மரத்துக்குப் பொருந்துவது இவற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு வழி, நம் மரங்களை நாமே எடைபோடுவதுதான். அதற்காகக் காட்டில் கோடாரி வைக்க வேண்டியதில்லை. சாலை விரிவாக்கத்துக்கு, மின்கோபுரத்துக்கு, ரயில் பாதைக்கு என்று தமிழ்நாட்டில் எப்படியும் மரங்கள் விழுகின்றன. 2018-இல் கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்ததைப் பார்த்தோம். அப்படி விழும் உசிலையும் வேம்பையும் புளியையும் ஏலத்துக்கு அனுப்புமுன், தண்டு, கிளை, இலை, வேர் எனப் பிரித்துத் தராசில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை அடுப்பில் உலர்த்தி ஈரத்தைக் கழித்துக் குறித்து வைக்க, ஒரு லாரியும் ஒரு வனவியல் கல்லூரி மாணவர் குழுவும் போதும். மேட்டுப்பாளையத்தில் நமக்கு ஒரு வனவியல் கல்லூரி இருக்கிறது. பத்து ஆண்டு இதைச் செய்தால், தமிழ்நாட்டு வறண்ட நில மரங்களுக்கு நம்முடைய சொந்தச் சூத்திரங்கள் கையில் இருக்கும்.

கண்ணில் படாத முக்கால் பங்கு

இதுவரை பேசியது மரத்தை மட்டும். இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

அந்தச் சரிவில் ஒரு ஹெக்டேரில் எங்கள் உசிலைப் போல 150 மரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மரங்களில் உள்ள கார்பன் 13.5 டன். அதே ஹெக்டேரில் மேல் மண்ணில் 30 செ.மீ. ஆழம் வரை, நூற்றுக்கு ஒரு பங்கு கார்பன் இருப்பதாகவும், ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் எடை என்றும் கொண்டால் வருவது 39 டன். மரத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இது நான் போட்டுப் பார்க்கும் கணக்கு, அளந்த எண் அல்ல. ஆனால் விகிதம் விசித்திரமானதல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் காடுகளில் உள்ள மொத்தக் கார்பன் 728.55 கோடி டன் என்கிறது. அதிலும் பாதிக்கு மேல் மண்ணில்தான் இருக்கிறது. மரங்கள் எட்டி எட்டி நிற்கும் நிலத்தில் மண்ணின் பங்கு இன்னும் கூடும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

மண்ணில் இதை யார் கொண்டுபோய் வைத்தது? புல். மரமும் புல்லும் கலந்த உலகின் வெப்பமண்டலச் சவானாக்களில் ஒரு மீட்டர் ஆழம் வரை மண்ணில் உள்ள கார்பனில் பாதிக்கு மேல் புல்லிலிருந்து வந்தது என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அழகான கதை. வெயில் நாட்டுப் புற்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு, மரங்கள் செய்யும் முறை வேறு. அதனால் கார்பனின் கனமான வகை இரண்டிலும் வேறு வேறு அளவில் தங்குகிறது. மண்ணை எடுத்து அந்த விகிதத்தைப் பார்த்தால், எவ்வளவு புல்லின் மிச்சம், எவ்வளவு மரத்தின் மிச்சம் என்று பிரித்துவிடலாம். நீலகிரியின் பழைய கரிச்சேற்றில் இந்த முறையைப் பயன்படுத்தித்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இராமன் சுகுமார் குழு, பல்லாயிரம் ஆண்டுகளில் அங்கே புல்வெளியும் மரமும் மாறி மாறி ஓங்கியதை 1993-இல் எழுதியது.

ஒரு மீட்டர் ஆழம் என்பதைக் கவனியுங்கள். நம் கணக்கெடுப்பு 30 செ.மீ.யோடு நின்றுவிடுகிறது. பிரேசில்காரர்கள் தங்கள் செர்ராடோ சவானாவைத் தலைகீழ்க் காடு என்று செல்லமாகச் சொல்வார்கள். மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பது அதிகம் என்பதால்.

புறவு என்றொரு சொல்

நம் நாட்டில் சவானா இருக்கிறதா என்றே பலர் கேட்பார்கள். சிங்கமும் வரிக்குதிரையும் திரியும் ஆப்பிரிக்கச் சமவெளிதான் சவானா என்று பள்ளிப் புத்தகம் மனதில் பதிய வைத்துவிட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் உள்ளிட்டோர் 2011-இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: நாம் ‘வறண்ட இலையுதிர் காடு’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் பல இடங்களில், மரங்களுக்குக் கீழே தரை முழுக்க வெயில் விரும்பிப் புல் வளர்கிறது, நெருப்பைத் தாங்கும் தடித்த பட்டை மரங்களில் இருக்கிறது, அப்படியானால் இவை காடுதானா, அல்லது சவானாவா? இந்தக் கேள்வி எனக்குச் சரியாகவே படுகிறது. ஜவ்வாது மலை முழுவதையும் சவானா என்று சொல்ல மாட்டேன். ஓடைப் பள்ளங்களிலும் மேல்மலையின் சில மடிப்புகளிலும் நிழல் அடர்ந்த உண்மையான காடு இருக்கிறது. ஆனால் சந்தவாசல் பக்கத்துத் திறந்த சரிவுகளை அந்தப் பள்ளத்துக் காட்டின் சீரழிந்த பிரதியாகப் பார்ப்பது தவறு.

அப்படித்தான் பார்க்கிறோம். வன ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலில் மரத்தழை 70 விழுக்காட்டுக்கு மேல் மூடினால் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை நடுத்தரம். 10 முதல் 40 வரை திறந்த காடு. அதற்கும் கீழே போனால் புதர். ஏணியின் கீழ்ப்படியில் நிற்கும் எதையும் மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. 

இந்த நிலத்துக்குத் தமிழில் பெயர் இருந்தது. மரமும் புல்லும் கலந்து, ஆநிரை மேய்ந்து, புன்செய்த் தானியம் விளைந்த நிலத்தை முல்லை என்றும் புறவு என்றும் நம் முன்னோர் தனியே பிரித்துச் சொன்னார்கள். மலைக்காட்டுக் குறிஞ்சியின் குறைபாடாக அதைக் கருதவில்லை. அதற்கென்று ஒரு தெய்வம், ஒரு பூ, ஒரு பொழுது. ஜவ்வாது மலையில் இன்றும் சாமை விதைக்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். நிலம் இருக்கிறது, வாழ்வும் இருக்கிறது. சொல்தான் அரசு ஏட்டிலிருந்து விழுந்துவிட்டது.

சொல் விழுந்தால் என்ன ஆகும்? 2023 அக்டோபரில் ஒன்றிய அரசு பசுமை வரவுத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி 2024 பிப்ரவரியில் வந்த நடைமுறை, சீரழிந்த நிலங்களில் மரம் நட ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. திறந்த காடும் புதர்க்காடும் அந்தச் சீரழிந்த நிலப் பட்டியலில் இருந்தன. 1,100 மரம் என்றால் மூன்று மீட்டருக்கு ஒன்று. எங்கள் உசில் நிற்கும் சரிவில் அந்த நெருக்கத்தில் மரம் வந்தால், புல்லுக்கு வெயில் கிடைக்காது. புல் போனால் ஆண்டுதோறும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த அதன் வேரும் போகும். குழி தோண்டும்போதே புரண்ட மண் காற்றோடு சேர்ந்து தன் கார்பனை இழக்கத் தொடங்கும். பின்னர் இந்த விதிகள் திருத்தப்பட்டன. நட்ட எண்ணிக்கையைவிடப் பிழைத்த மரத்துக்கும் தழைமூட்டத்துக்கும் மதிப்பு கொடுக்கும் திசையில் போயிருக்கின்றன. ஆனாலும் தழைமூட்டம்தான் அளவுகோல். புல்லுக்கு அங்கே இருக்கை இல்லை.

தமிழ்நாட்டிலும் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது இலக்கு. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் நடுவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். இருக்கும் புறவைத் தேடிப்போய் நிரப்புவதை எதிர்க்கிறேன். உலக அளவிலும் இதே சண்டை நடந்தது. 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, 90 கோடி ஹெக்டேரில் புதிதாக மரம் வளர்க்க இடமிருக்கிறது, அது 20,500 கோடி டன் கார்பனைப் பிடித்துவைக்கும் என்றது. உலகமே கைதட்டியது. சில மாதங்களில் சவானா ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள்: உங்கள் வரைபடம் சவானாக்களையும் புல்வெளிகளையும் காலியிடமாக நினைத்து மரத்தால் நிரப்பியிருக்கிறது, அங்கே ஏற்கெனவே மண்ணில் இருக்கும் கார்பனை மதிக்கவில்லை என்று.

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நெருப்பை முற்றிலும் நிறுத்தினால் மரம் பெருகும், கார்பன் ஏறும் என்று எளிதாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் 1954 முதல் சில துண்டு நிலங்களில் நெருப்பை அறவே தடுத்தும், சிலவற்றில் குறித்த ஆண்டுகளில் எரித்தும் ஒப்பிட்டு வருகிறார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டு நெருப்பே இல்லாத இடத்தில் கார்பன் கூடியது உண்மை; எதிர்பார்த்த அளவு கூடவில்லை என்பதுதான் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு. நம் பக்கம் முதுமலையில் 1988-இல் சுகுமார் குழு 50 ஹெக்டேர் நிலத்தை வேலி போடாமல் வகுத்து, ஒரு செ.மீ. தடிப்புள்ள செடி முதல் ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி, யானையும் நெருப்பும் வறட்சியும் என்ன செய்கின்றன என்று விடாமல் பதிவு செய்துவருகிறது. தமிழ்நாட்டின் பெருமை அது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு, குறிப்பாக ஜவ்வாதுக்கு, அப்படி ஒன்று வேண்டும். ஐம்பது ஹெக்டேர் வேண்டாம். சந்தவாசல் வனச்சரகத்தில் நாலு இடங்களில் ஒரு ஹெக்டேர் போதும்.

வானத்திலிருந்து பார்த்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் செயற்கைக்கோள், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது, 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தை ரேடார் அலையால் தடவிப் பார்க்கிறது. அதன் நீண்ட அலை இலைகளைக் கடந்து தண்டிலும் கிளையிலும் பட்டுத் திரும்புகிறது. ஹெக்டேருக்கு 100 டன்னுக்குக் கீழே உயிர்த்திரள் உள்ள காடுகளில்தான் அது நன்றாகப் படிக்கும். அதற்கு மேல் போனால் திகட்டிவிடும். நம் வறண்ட சரிவுகளுக்கு அளவெடுத்துத் தைத்த கருவி என்றே சொல்லலாம். ஆனால் ரேடார் திரும்பக் கொண்டுவருவது கிலோ அல்ல, எதிரொலி. அதைக் கிலோவாக்க, கீழே யாராவது டேப்பைச் சுற்றியிருக்க வேண்டும். முன்தின மழையில் மண் நனைந்திருந்தாலே எதிரொலி மாறிவிடும். மண்ணுக்குள் இருப்பதை அது பார்க்கவே போவதில்லை. உண்ணிச்செடிப் புதர் புல்லைத் தின்று பச்சையாக மண்டியிருந்தால், அது சீரழிவா செழிப்பா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே கடைசியில் ஆள் வேண்டும். தட்டிப் பார்த்துப் பொந்து சொல்லும் ஆள். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு இதுவரை கிடைத்த வேலை வேறு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது அடிவாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இருட்டில் மரத்தைத் தொட்டே இனம் சொல்லக்கூடிய கைகளுக்கு, இடைத்தரகர்கள் கொடுத்த வேலை கோடாரி பிடிப்பது மட்டும். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறவில்லை. இந்த மலையின் இளைஞர்களுக்கு டேப்பும் நோட்டும் கொடுத்து, நாட்கூலியாக அல்லாமல் மாதச் சம்பளத்தில், தங்கள் காட்டைத் தாங்களே ஆண்டுதோறும் அளக்கும் வேலையை அரசு கொடுக்கலாம். 2030-க்குள் காடுகள், மரங்கள் வழியாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாகப் பிடித்துவைப்போம் என்று இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கின் எண்களைச் சரிபார்க்க இவர்களைவிடத் தகுந்தவர் யார்?

அப்படி அளக்கும்போது மரத்தோடு நிறுத்தக் கூடாது. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் உள்ள புல்லை அடியோடு அறுத்து உலர்த்தி நிறுக்க வேண்டும். 300 கிராம் கிடைத்தால் ஹெக்டேருக்கு 3 டன். மண்ணை 30 செ.மீ.யோடு விடாமல் ஒரு மீட்டர் வரை எடுக்க வேண்டும். எங்கும் ஒரு மரக்கன்று நடுமுன் இவை கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல் நடும் ஒவ்வொரு திட்டமும், நிலுவை எவ்வளவு என்று பார்க்காமல் புதுக் கணக்குத் தொடங்குவதாகும்.

அன்று வெயில் ஏறியதும் பெரியவர் எங்களைக் கொஞ்ச தூரம் மேலே கூட்டிப்போனார். கருகிய புல் திட்டு ஒன்றில் ஒரு சாண் உயரத்தில் நாலைந்து வேங்கைத் தளிர். போன மழைக்கு முளைத்த கன்று என்று நினைத்தேன். கடப்பாரையால் ஓரமாக மண்ணைத் தள்ளிக் காட்டினார். கீழே மணிக்கட்டுத் தடிமனில் வேர், முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் அதன் நுனி வரவில்லை. மேலே தண்டு ஆண்டுக்காண்டு எரிந்தும் காய்ந்தும் போக, வேர் மட்டும் தடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பத்து செ.மீ. விட்டத்துக்குக் குறைந்ததை வழக்கமான கணக்கெடுப்பில் மரமாக எண்ணுவதில்லை. இதற்கோ மார்பளவு உயரமே இல்லை. நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. “எத்தன வயசு இருக்கும் ஐயா?” என்று கேட்டேன். “எம் பையன் வயசுக்கு மேல இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு, தோண்டிய மண்ணை வேரைச் சுற்றித் திரும்பப் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினார்.